கிண்ணியாவுக்குப் போன அரக்குப் பெட்டி

1

போன மாதம் என் மகள் முதல் தடவையாகக் கைரேகை கொடுத்தாள். குற்றம் ஒன்றும் செய்யவில்லை. பதினாலு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். ஜப்பானில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர் எல்லாரும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நகரசபைக் கந்தோருக்குப் போய், இடது சுட்டுவிரலில் மை பூசி, அட்டையில் உருட்டிப் பதிக்கவேண்டும். கனாகோ இந்த ஊரில் பிறந்தவள். தாய் மிச்சிகோ இந்த ஊர்க்காரி. கனாகோவுக்குத் தமிழில் சோறு, வா, போ என்ற மூன்று சொல்தான் தெரியும். ஆனாலும் இங்கத்தைச் சட்டப்படி பிள்ளை தகப்பன் பக்கம். தகப்பன் திருகோணமலையான் என்பதால் மகளும் வெளிநாட்டுக்காரி.

அவளுடைய ரேகை, சீவிய பாக்கின் வரிபோல வெகு அழகாக விழுந்தது. கந்தோர்ப் பெடியனே பார்த்து மெச்சினான். அவள் மெச்சலை வாங்கிக்கொள்ளாமல் விரலைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றாள்.

அடுத்தது நான். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு இங்கே இதே கூத்துத்தான். விரலை உருட்டினால் அட்டையில் ஒரு கறுப்புக் கறை விழும், வரி ஒன்றும் விழாது. பெடியன் மூன்று தரம் முயன்றான். கடைசியில், "உங்கள் தொழில் என்ன?" என்று கேட்டான்.

நான் வாயைத் திறக்குமுன் கனாகோ சொன்னாள்: "அப்பா உருஷிப் பட்டறையில் மினுக்குகிறவர். மற்றவர்கள் தீட்டிய தங்கத்தை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார். அதனால் அவருக்கு விரலில் ஒன்றும் மிஞ்சவில்லை."

மூன்று மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை. என்னைப் பற்றிப் பேசியதும் அன்றைக்குத்தான், அதுவும் கந்தோர்க்காரனோடு. அவள் பேசாமல் விட்டது நியாயமான காரணத்துக்காக. கிண்ணியாவில் ஒரு பெண்ணின் கலியாணம் என்னால் நின்றுபோயிற்று. ஏன் நின்றது என்று பெண்ணுக்குத் தெரியாது, அவளுடைய வாப்பாவுக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒரு கடிதம் எழுதினால் போதும். எழுதவில்லை.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. ஜப்பானியரின் அரக்கு வேலைப்பாட்டைப் பற்றி ஊர் ஆட்களுக்கு விளங்கும்படி நாலு பக்கம் எழுதச் சொன்னார். எழுதுகிறேன். ஒன்றைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு வராது.

2

நம் நாட்டு அரக்கு ஒரு பூச்சி கக்குவது. இங்கத்தையது மரத்தின் பால். உருஷி என்று பெயர். இறப்பர் மரத்தைக் கீறுவதுபோலக் கீறி, சொட்டுச் சொட்டாக எடுப்பார்கள். பச்சையாகத் தோலில் பட்டால் எரிந்து, தடித்து, கொப்புளம் போடும். நம்மூர் மரமுந்திரிகைக் கொட்டையின் தோட்டுப் பால் என்ன செய்யுமோ, அதைத்தான் இதுவும் செய்யும். இரண்டும் ஒரே இனத்து மரங்கள் என்று இங்கே வந்த பிறகு படித்தேன். இரண்டும் ஒரே வேலை பார்க்கும் என்பதை மட்டும் வருவதற்கு முன்பே ஊகித்திருந்தேன்.

உருஷி வெயிலில் காயாது. ஈரத்தில்தான் காயும். பூசிய கிண்ணங்களை ஈரத்துணி தொங்கவிட்ட அலுமாரிக்குள் அடைத்து வைப்போம். இதை அம்மாவுக்கு எழுதியபோது, "உனக்கு அங்கே சாராயம் பழகிவிட்டதா?" என்று அக்காவைக்கொண்டு பதில் எழுதுவித்தாள். அது காய்கிற விதத்தில் ஒரு கள்ளத்தனமும் உண்டு. கைக்குக் காய்ந்தது போலத் தெரியும், உள்ளே மாதக்கணக்காகப் பச்சையாகக் கிடக்கும். முழுக்கக் காய்ந்துவிட்டால் கொதிதண்ணீரும் அதை ஒன்றும் செய்யாது, அதுவும் ஒருவரையும் ஒன்றும் செய்யாது. அதுவரை கவனமாக இருக்கவேண்டும்.

அலங்கார வேலைகளில் முதன்மையானது மகியே. தூவிய சித்திரம் என்று சொல்லலாம். மெல்லிய தூரிகையால் உருஷியிலேயே கோடு போட்டு, அது காயுமுன், பட்டுத்துணி கட்டிய குழாயை விரலால் தட்டித் தங்கப்பொடியைத் தூவுவார்கள். கோடு தங்கமாகிவிடும். அந்தத் தூரிகைக்கு ஆகச் சிறந்த மயிர் எலி மயிராம், அதுவும் படகில் வாழும் எலி. தரை எலி வளைகளில் உரசி மயிர்நுனியைத் தேய்த்துவிடும், படகு எலியின் நுனி பழுதாகாமல் இருக்கும். திருகோணமலைத் துறைமுகத்துப் பண்டகசாலைகளில் நான் அடித்துக் கொன்ற எலிகளை நினைத்துக்கொண்டேன்.

இன்னொரு முறை தொகிதாஷி. தங்கச் சித்திரத்தைத் தீட்டி முடித்து, அதன்மேல் கறுப்பு உருஷியைப் பூசி முழுவதையும் மூடிவிடுவார்கள். காய்ந்த பின் கரித்துண்டை நீரில் நனைத்து, அடியில் கிடக்கும் தங்கம் வெளியே தெரியும்வரை தேய்ப்பார்கள். குறைவாகத் தேய்த்தால் கறுப்புத்தான் இருக்கும். ஒரு இழை கூடினால் தங்கம் போய்விடும், பிறகு அழுதாலும் வராது. சிப்பியை மெல்லிய தகடாகச் சீவி உருஷியில் பதிப்பது ராதென். காய்ந்த பரப்பை உளியால் செதுக்கி, வெட்டில் தங்கத்தைத் திணிப்பது சின்கின். துடைத்தால் வெட்டு விழுந்த இடத்தில் மட்டும் தங்கம் நிற்கும்.

இவற்றில் ஒன்றையும் நான் செய்வதில்லை. வந்து இரண்டு மாதத்திலேயே என் கோடு நடுங்குகிறது என்று கண்டுபிடித்து, மினுக்குகிற பகுதியில் உட்கார்த்திவிட்டார்கள். கடைசி மினுக்கலைக் கருவியால் செய்ய ஏலாது. எண்ணெயும் நுண்ணிய பொடியும் தொட்டு வெறும் விரலால்தான் தேய்க்கவேண்டும். அதே பகுதியில் எனக்குப் பக்கத்துப் பலகையில் இருந்து தேய்த்தவள்தான் மிச்சிகோ. உப்புவெளியில் அக்கா வீட்டு அலுமாரியில் நான் அனுப்பிய கிண்ணம் ஒன்று இருக்கிறது. வருகிற ஆட்களுக்கெல்லாம் "தம்பி கீறின பூ" என்று காட்டுகிறாளாம். அந்தப் பூவைக் கீறியவனுக்கு என் பெயர்கூடச் சரியாகச் சொல்லத் தெரியாது.

3

நானும் யாசீனும் கடற்படைத் தளத்துப் பட்டறையில் படகுகளுக்குப் பெயர் எழுதியவர்கள். தங்கத் தாள் ஒட்டி எழுதுகிற எழுத்து. நான் நூல் பிடித்து, அளவு குறித்து, அழித்து அழித்து எழுதுவேன். அவன் கிண்ணியாவிலிருந்து காலைப் பாதையில் வந்து இறங்கி (பாதை என்று நாங்கள் சொல்வது துறையடியில் ஆட்களை ஏற்றி இறக்கும் மிதவையை), ஒரு தேத்தண்ணீர் குடித்துவிட்டு, வெறுங்கையால் எழுதி முடித்துவிடுவான். என் எழுத்தைப் பார்த்து, "மச்சான், இந்தப் படகு ஓடுமுந்தி உன்ட எழுத்துத் தண்ணியில தாண்டுபோகும்" என்று பகிடி விடுவான். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பில் எவ்வளவு நஞ்சு இருந்தது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

வெள்ளைக்காரன் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போனதற்கு அடுத்த வருஷம் இருவருக்கும் வேலை போயிற்று. அந்த நேரத்தில்தான் ஜப்பானில் அரக்கு வேலைப் பயிற்சிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒருவரை எடுக்கிறார்கள் என்று அறிவித்தல் வந்தது. எட்டுப் பேர் போனோம். ஜப்பானிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் எல்லாரையும் ஒரே இழுப்பில் ஓர் அலை கீறச் சொன்னார். யாசீனின் தாளை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். இரண்டாவதாக என் தாளை வைத்தார். மற்ற ஆறு பேரையும் அனுப்பிவிட்டார்.

பிறகு தோல் சோதனை. எங்கள் இருவரின் முழங்கைக்குக் கீழே ஒரு துளி உருஷியைத் தடவி, துணியால் கட்டிவிட்டார். மூன்றாம் நாள் வரவேண்டும். தோல் பொங்குகிறவனுக்கு இந்தத் தொழில் சரிவராது. பொங்காவிட்டால் முதலாவது ஆள் போவான்.

இரண்டாம் நாள் பின்னேரம் துறையடியில் பாதைக்குக் காத்திருந்தோம். யாசீன் கட்டை விலக்கிக் காட்டினான். கை மொழுமொழுவென்று இருந்தது. என் கையும் அப்படித்தான். ஆகவே அவன் ஜப்பானுக்குப் போவான், நான் ஊரில் நின்று சுவருக்கு வெள்ளை அடிப்பேன்.

"மச்சான், கட்டு இளகிப்போச்சு. ஒத்தக் கையால கட்ட ஏலாது. இறுக்கிக் கட்டிவிடு."

"பொறு, துணியைத் திருப்பிக் கட்டுறன்."

"என்ன மச்சான், பிசுபிசுக்குது?"

"என்ர கை வேர்வை," என்றேன்.

என் காற்சட்டைப் பையில் பச்சை மரமுந்திரிகைக் கொட்டை இரண்டு இருந்தது. பாதையைப் பார்க்க அவன் திரும்பிய நேரத்தில் கத்தியால் பிளந்து, துணியின் உட்பக்கத்தில் தேய்த்துவிட்டேன். அது தற்செயலாக நடந்தது, அந்த நேரத்து விசர் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பச்சைக் கொட்டையை யாரும் தற்செயலாகப் பையில் போட்டுக்கொண்டு வருவதில்லை. அன்று காலையே மரத்தில் பறித்துக்கொண்டுதான் வந்தேன்.

மறுநாள் யாசீனின் கை முழங்கைவரை வீங்கி, கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. நிபுணர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு, முடிவு அறிய வந்த கிண்ணியா ஆட்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஸ்பிரிட்டால் தன் இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். உருஷி வேலைக்காரர் எல்லாரும் அப்படித்தான் கழுவுவார்கள், நானும் இன்றைக்கு நாலுதரம் கழுவினேன். வாசலில் நின்றவர்களுக்கு அது தெரியுமா? பின்னேரப் பாதையில் கதை கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. யாசீனுக்குப் பெருவியாதியாம், குட்டமாம், ஜப்பான்காரன் தொட்டுவிட்டு ஸ்பிரிட்டில் கை கழுவினானாம்.

அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் வீட்டார் ஒரு கிழமையில் ஆள் அனுப்பி வேண்டாம் என்றார்கள். டொக்டர் பெருவியாதி இல்லை என்று சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஆறிய இடத்தில் கறுப்புத் தழும்பு நின்றது, ஊருக்கு அது போதும்.

நான் புறப்பட்ட அன்று, கையில் கட்டோடு வழியனுப்ப வந்திருந்தான். "எனக்கு உடம்பு ஒத்துவரல்ல மச்சான். அல்லாஹ் எழுதினது. நீ போய் நல்லாப் படி. அலையைக் கீறக்குள்ள கையைத் தூக்காத, மூச்சை விடாத," என்றான். நான் கடிதம் போடுகிறேன் என்றேன்.

4

யாசீன் இரண்டு வருஷம் கழித்து, கதை எட்டாத கட்டைபறிச்சான் பக்கத்தில் ஒரு பெண்ணை முடித்தான். ஒரே மகள், ரம்சியா. இதெல்லாம் அவன் பெருநாளுக்குப் பெருநாள் எழுதுகிற கடிதங்களில் வரும். நான் பனி விழுவதைப் பற்றிப் பதில் எழுதுவேன். உங்களுக்கும் பனியென்றால்தானே வெளிநாடு.

போன வருஷத் தொடக்கத்தில் வந்த கடிதம் வேறு மாதிரி இருந்தது.

"என்ட மகளுக்கு நல்ல இடமொன்டு வந்திருக்கு மச்சான். பொடியன் பள்ளிக்கூடத்தில படிப்பிக்கிறவர். எல்லாம் சரி. யாரோ போய் என்ட கைக் கதையைச் சொல்லிப்போட்டாங்க. தகப்பன்ட வருத்தம் புள்ளைக்கு வரும் என்டு அவங்க பயப்பிடுறாங்க. நீ அந்தத் தொழில்ல பெரிய ஆள். அது மரத்துப் பாலால வந்தது, வருத்தம் இல்ல என்டு ஒரு கடிதம் எழுதித் தா. ஜப்பான்ல இருந்து வந்தா நம்புவாங்க. முத்திரை ஒன்டும் குத்தி அனுப்பு."

நகரசபைக் கந்தோரில் போய்க் கேட்டேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் வேறொரு நாட்டில் வேறொருவருக்கு வந்த தடிப்பு நோய் அல்ல என்று உறுதிப்படுத்தும் படிவம் தங்களிடம் இல்லை என்று மிகுந்த மரியாதையோடு சொன்னார்கள். குனிந்து மன்னிப்பும் கேட்டார்கள். பட்டறைக்காரருக்கு வைத்தியம் பார்க்கும் டொக்டர் ஒருவர்தான், பச்சை உருஷி தோலில் தடிப்பு உண்டாக்கும், அது தொற்றாது, பரம்பரையாக வராது என்று இரண்டு வரி எழுதி, சிவப்பு முத்திரை குத்தித் தந்தார்.

தமிழில் பெயர்த்து எழுத உட்கார்ந்தேன். 'தடிப்பு' என்ற சொல் வாயில் வர அரைமணி நேரம் பிடித்தது. மொழி அவ்வளவு துருப்பிடித்திருந்தது. இரண்டு வரியை இரண்டு பக்கமாக்கினேன். கடைசியில் இன்னொரு வரியும் எழுதினேன்: யாசீனின் கையை உருஷிகூட ஒன்றும் செய்யவில்லை, நான் பூசிய மரமுந்திரிகைப் பால்தான் செய்தது. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தேன். நல்ல தாளில் பிரதி எடுக்கும்போது அந்த வரியை விட்டுவிட்டேன்.

சிவப்பு முத்திரை வேலை செய்தது. அவர்கள் சம்மதித்துவிட்டார்கள், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து கலியாணம் என்று யாசீன் எழுதினான். "நீ என்ட மானத்தைக் காப்பாத்திப்போட்டாய் மச்சான். இந்தக் கடனை எப்படித் தீர்ப்பன்?" அந்த வரியைப் படித்து நான் வெட்கப்படவில்லை. சந்தோஷப்பட்டேன். பாதி உண்மைக்கே இவ்வளவு நன்றி கிடைக்கும்போது முழுவதும் எதற்கு என்று நினைத்தேன்.

5

அந்தச் சந்தோஷத்தில்தான் பெட்டி செய்யத் தொடங்கினேன். மணப்பெண் நகை வைக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. மரக்கூட்டைப் பட்டறையில் வாங்கினேன். அலங்காரம் முழுக்க என் கையால். இருபத்திரண்டு வருஷத்தில் நான் தங்கம் தூவியது அதுதான் முதல் தடவை.

மூடியில் ஓர் அலையைத் தொகிதாஷி முறையில் தீட்டினேன். கறுப்பைப் பூசி மூடிக் காயவைத்து, கரியால் தேய்த்துத் தங்கத்தை வெளியே எடுத்தேன். தேய்க்கிறதுதானே என் தொழில், அதில் பிழைவிடமாட்டேன் என்ற பெருமை. அலையின் உச்சியில் ஒரு இழை கூடத் தேய்த்துவிட்டேன், அங்கே தங்கம் போய்விட்டது. அந்தப் பள்ளத்தை மறைக்க ஒரு சிப்பித் தகட்டை வெட்டி ஒட்டினேன்.

கனாகோ பள்ளிக்கூடத்தால் வந்து பார்த்தாள். "அலை காற்றில் மடங்கிய குடைபோல இருக்கிறது. யாருக்கு?"

"ஒரு சிநேகிதனின் மகளுக்கு."

"எனக்கு நீங்கள் ஒன்றும் செய்து தந்ததில்லையே."

பிறகு செய்து தருகிறேன் என்றேன். அவள் அதைக் கேட்க நிற்கவில்லை.

உட்பக்கத்துக்குக் கடைசியாகப் பச்சை உருஷியைத் துணியால் தேய்த்து ஊறவிட்டேன். மிச்சிகோ பெட்டியைத் திறந்து மூக்கை வைத்துப் பார்த்தாள்.

"உள்ளே இன்னும் பச்சை. ஆறு மாதம் கிடக்கட்டும்."

"கலியாணம் ஆறு மாதம் நிற்காது."

"அப்படியானால் எழுதி அனுப்புங்கள். திறந்து வைக்கட்டும், உள்ளே ஒன்றும் வைக்கவேண்டாம், தோலில் படவேண்டாம் என்று."

எழுதுகிறேன் என்றேன். எழுதவும் உட்கார்ந்தேன். தோலில் பட்டால் கொப்புளம் போடும் பரிசு என்று எப்படி எழுதுவது? பெட்டியைத் திறந்ததும் அவர்கள் வாயைப் பிளக்கவேண்டும், யாசீன் மூடியைத் தடவிப் பார்த்து, "மச்சான் கையா இது!" என்று அதிசயப்படவேண்டும். அந்த ஒரு நிமிஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாழ்த்து மட்டும் எழுதினேன். புல்மோட்டைக் கறுப்பு மண் ஏற்றுவதற்குத் திருகோணமலைக்குப் போகும் கப்பலில் தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். பட்டுத்துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

6

யாசீனின் அடுத்த கடிதத்தை அப்படியே தருகிறேன். சொல் ஒன்றையும் மாற்றவில்லை.

"மச்சான், கலியாணம் நின்டுபோச்சு. உன்ட பெட்டி வந்த அன்டைக்கு முழு ஊரும் பார்க்க வந்தது. மகள் தாய்ர வளையல், நாங்க செஞ்சு குடுத்த வளையல் எல்லாத்தையும் அதுக்குள்ளதான் வைச்சாள். மருதோண்டி போடுறதுக்கு மாப்பிள்ளை வீட்டுப் பொம்பிளையள் வந்தாங்க. அதுக்கு முந்தின நாள்தான் வளையல் போட்டவள். ரெண்டு மணிக்கட்டும் பொங்கிப் பழுத்துப்போய் இருந்தது மச்சான். என்ட கையில வந்த மாதிரியே. பொம்பிளையள் கண்டுபோட்டு, மருதோண்டிக் கிண்ணத்தைக்கூட எடுக்காமப் போயிட்டாங்க.

டொக்டர் ஒன்டுமில்ல என்டுதான் சொல்லுறார். எனக்கும் அன்டைக்கு அப்படித்தான் சொன்னவர். மகளுக்கு மரத்துப் பால் யார் பூசினது? ஒருத்தரும் இல்ல. அப்ப இது எங்கட ரெத்தத்திலதான் இருக்கு. இத்தனை வருஷமா மரத்துல பழியைப் போட்டுக்கொண்டிருந்தனான். உன்னையும் பொய்க் கடிதம் எழுத வைச்சிட்டன். அந்தக் கடிதத்தை நானே போய்த் திருப்பி வாங்கிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்.

மகள் வெளியில வாறல்ல. உன்ட பெட்டியை மடியில வைச்சுக்கொண்டு அதுல உள்ள அலையைத் தடவிக்கொண்டே இருக்கிறாள். நல்லாத்தான் கீறியிருக்கிறாய்."

7

அன்று பட்டறையில் நான் வேலை செய்யவில்லை. என்ன நடந்தது என்று மிச்சிகோ கேட்டாள். கனாகோவும் பக்கத்தில் இருந்தாள். சொன்னேன். பெட்டியில் தொடங்கி, பின்னால் போய், துறையடியையும் பச்சைக் கொட்டையையும் சொன்னேன். எல்லாம் சொல்லி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. ஒரு கோப்பை தேநீர்கூடக் கேட்டேன்.

மிச்சிகோ தேநீர் வைக்கவில்லை. "தந்தி அடியுங்கள். இன்றைக்கே. அந்தப் பிள்ளை பெட்டியைத் தொடாமல் இருக்கட்டும்," என்றாள்.

தபால் கந்தோருக்குப் போனேன். படிவம் எடுத்து, பெட்டியைத் தொடவேண்டாம் என்று எழுதினேன். தந்தி போய்ச் சேருகிற இடத்தை யோசித்தேன். அதை ஒருவர் வாசிப்பார், வாசித்ததைக் கதைப்பார். ஏன் தொடக்கூடாது என்று யாசீன் கேட்பான். அவன் மக்கு இல்லை. ஒரு நூல் கிடைத்தால் துறையடிவரை வந்துவிடுவான். பிறகு உப்புவெளியில் அக்காவின் அலுமாரிக்கு முன்னால் நின்று என்ன சொல்வார்கள்? இன்னும் சில மாதம் போனால் பெட்டி தானாகக் காய்ந்துவிடும், யாரையும் ஒன்றும் செய்யாது என்று கணக்குப் பார்த்தேன். படிவத்தைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து, அனுப்பிவிட்டேன் என்றேன். மிச்சிகோ நம்பினாள்.

கனாகோவுக்குத் தந்தி போதவில்லை. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் தானே ஒரு கடிதம் எழுதினாள். அகராதியைப் பிரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் எழுதினாள். எனக்கு வாசித்தும் காட்டினாள்: "அன்புள்ள அக்கா, உங்கள் கையில் நோய் இல்லை. பெட்டியில்தான் பிழை. என் அப்பா உங்கள் அப்பாவுக்கும் உங்களுக்கும் கெடுதி செய்தார். பெட்டியைக் கடலில் போடுங்கள். இதை அந்த மாப்பிள்ளைக்குக் காட்டுங்கள்." கீழே தன் பெயரை எழுதி, வீட்டு முத்திரையையும் குத்தியிருந்தாள். பிறகு கடித உறையை என் முன்னால் வைத்து, முகவரி எழுதித் தரச் சொன்னாள்.

எழுதிக் கொடுத்தேன். யாசீன் என்று எழுதவேண்டிய இடத்தில் வேறொரு பெயரையும், இல்லாத ஒரு ஒழுங்கையையும், வேறு ஒரு தபாலகத்தையும் எழுதினேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் போட்ட திருத்தமான கோடுகள் அவைதான். அவள் இரண்டு கையாலும் உறையை வாங்கிக்கொண்டு, நன்றி என்று குனிந்தாள்.

ஏழு கிழமை கழித்து அந்தக் கடிதம் திரும்பி வந்தது. அப்படி ஒருவரும் இல்லை என்று மூன்று மொழியில் குத்தியிருந்தார்கள். கனாகோ அதைச் சாப்பாட்டு மேசையில், என் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது நீங்கள் எழுதியதுதானே?"

"ஓம்."

"முகவரி மறந்துவிட்டதா?"

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எனக்கே தெரியாத ஏதோ பிடிவாதத்தில், "இல்லை," என்றேன்.

"அப்படியானால் அவருடைய கடிதங்களைத் தாருங்கள். பின்பக்கத்தில் முகவரி இருக்கும். நானே பார்த்து எழுதுகிறேன்."

அந்தக் கடிதங்களை நான் அதற்கு முன்பே பட்டறை அடுப்பில் போட்டுவிட்டேன். அதையும் சொன்னேன். அன்றைக்கு வாயை மூடியவள்தான். மிச்சிகோ வேலை இடத்தில் தன் பலகையை யன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டாள். பேசுகிறாள், ஆனால் உப்பு எங்கே, குடை எங்கே என்ற அளவில்தான்.

8

கைரேகை கொடுத்துவிட்டு வந்த கிழமைதான் ஆசிரியரின் கடிதம் வந்தது. நாலு நாள் யோசித்துவிட்டு, இதை எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் ஊர்ப் பத்திரிகை, கிழக்கில் எல்லாரும் வாசிப்பது, நடந்தது முழுவதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன், மாப்பிள்ளை வீட்டாரும் வாசிப்பார்கள் என்றேன். மிச்சிகோ அன்று சோற்றுக்குப் பக்கத்தில் எனக்குப் பிடித்த மீனை வைத்தாள்.

நேற்றுக் கனாகோ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் எழுதுவதை நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது.

"அந்த அக்காவின் பெயர் எழுதியிருக்கிறீர்களா?" என்று கேட்டாள். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னோடு பேசியது.

"எழுதியிருக்கிறேன்."

"எது? காட்டுங்கள்."

ரம்சியா என்ற சொல்லின்மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவள் குனிந்து அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு ஊரின் பெயரைக் கேட்டாள், அதையும் காட்டினேன். தகப்பனின் பெயரையும் காட்டினேன். "சரி, அப்பா," என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் எனக்குத் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

அவள் பார்த்த பெயர்கள் மூன்றும் நான் மாற்றி எழுதியவை. யாசீன் என்றோ ரம்சியா என்றோ எனக்கு யாரையும் தெரியாது. ஊரும் கிண்ணியா இல்லை.